தனி கவுன்ட்டர் கேட்கும் கனவான்களுக்கு

ஜெர்மனியில் இருக்கிற நம்மூர் ஐடி, ஆட்டோமொபைல் மக்கள் நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா முதல் அரைமணி நேரம் என்ன பேசுவாங்க தெரியுமா? சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை. டெர்மின். அதாவது, வெளிநாட்டவர் அலுவலகத்துல நேர்ல போய் நிக்கறதுக்கான அப்பாயின்ட்மென்ட். "உனக்குக் கிடைச்சிருச்சா?" "இல்லடா, நாலு மாசமா மெயில் போட்டுக்கிட்டே இருக்கேன்." "காலங்கார்த்தால எந்திரிச்சு வெப்சைட்டைத் திறந்து பாரு, யாராவது கேன்சல் பண்ணியிருப்பான்." திருப்பதி தரிசன டிக்கெட் கிடைக்கலைன்னு பேசற மாதிரியே இருக்கும் :-)

இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. புலம்பறது பிறப்புரிமை. ஆனா அதுக்கு அடுத்து ஒரு வரி வரும் பாருங்க, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

"எல்லாம் இந்த அகதிங்களால வந்த வினை. நாம படிச்சு, லீகலா விசா எடுத்து வந்து, மாசாமாசம் வரி கட்டறோம். நம்மளையும் அவனுங்களையும் ஒரே வரிசையில நிக்க வைக்கறான். ஸ்கில்டு வொர்க்கருக்குத் தனி கவுன்ட்டர் வெக்கணும்."

இதை நான் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட கேக்கலை. பொங்கல் விழாவுல, வாட்ஸப் குரூப்புல, குழந்தையோட பிறந்தநாள் பார்ட்டியில கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்லை. வீட்டுக்குப் போனா சாம்பார் சாதம் போட்டு உபசரிக்கிற நல்ல மனுஷங்கதான். அதனாலதான் இதை விரிவா எழுத வேண்டியிருக்கு.

வேற தேசத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன அறிமுகம்.

இங்கே நிரந்தரக் குடியுரிமை அனுமதிக்குப் பேரு 'நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ்'. (இதை ஒரே மூச்சுல சொல்றவங்களுக்கு மொழித் தேர்வே வேண்டாம்னு விட்டுடலாம்.) இனிமே நான் பிஆர்னே எழுதறேன். 2012 ஆகஸ்ட்ல இருந்து இங்கே ப்ளூ கார்டுன்னு ஒண்ணு இருக்கு. பட்டப்படிப்பும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல வேலையும் இருந்தா கிடைக்கும். ப்ளூ கார்டுல வந்தவர் 27 மாசம் வேலை செஞ்சு ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டியிருந்தா, ஏ1 அளவு ஜெர்மன் தெரிஞ்சா, பிஆர் கேக்கலாம். பி1 அளவு தெரிஞ்சா 21 மாசமே போதும். 2023 நவம்பருக்கு முன்னாடி அந்த 27, 33ஆ இருந்துச்சு. ப்ளூ கார்டு இல்லாத மத்த திறன் தொழிலாளர்களுக்கு முன்னே நாலு வருஷம், இப்போ மூணு வருஷம்.

கூடவே 'ஜெர்மனியில் வாழ்க்கை'ன்னு ஒரு தேர்வு. 33 கேள்வி, அதுல 15 சரியா இருந்தா பிஆருக்குப் போதும். மொத்தக் கேள்வி வங்கியையும் அரசாங்கமே வெளியிட்டிருக்கு. பத்தாங்கிளாஸ்ல கோனார் நோட்ஸ் உருப்போட்ட நமக்கெல்லாம் அது அல்வா. அப்புறம் சம்பள ரசீது, வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியக் கணக்குத் தாள், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்துக் கட்டி, 113 யூரோ கட்டணமும் கட்டி, கடைசியில நேர்ல போய் நிக்கணும். பல ஊர்கள்ல விண்ணப்பத்தை இப்போ ஆன்லைன்ல அனுப்பலாம். ஆனா 2011 செப்டம்பர்ல இருந்து அனுமதி அட்டையில சிப் வெச்சு, கைரேகையை அதுல ஏத்தறாங்க. விரலை மெயில்ல அனுப்ப முடியாது இல்லையா? அதனால எவ்வளவு பெரிய ஆர்க்கிடெக்ட்டா இருந்தாலும் ஒருநாள் அந்தக் கட்டடத்துக்குள்ள போய்த்தான் ஆகணும்.

அது கிடைச்சா என்ன லாபம்? நம்ம வாழ்க்கை ஒரு கம்பெனியோட கையில இருக்காது. வேலை போனா "இத்தனை மாசத்துக்குள்ள வேற வேலை தேடு, இல்லேன்னா கிளம்பு"ன்னு கடிதம் வராது. மனசுக்குப் பிடிச்ச வேலை பாக்கலாம், கடை வெக்கலாம். இந்தியர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 ஜூன் 27ல இருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்குது. ஆனா இந்தியா ஏத்துக்கறதில்லை. நீலப் பாஸ்போர்ட்டைக் கைவிட மனசில்லாதவங்களுக்கு இந்த பிஆர்தான் கடைசிப் படி.

ஆக, அந்த டெர்மினுக்காகத் துடிக்கிறதோட அருமை எனக்குத் தெரியும். நானும் ஏழு மாசம் காத்துக்கிடந்தவன்தான். இப்போ நம்மாளுங்க வாதத்துக்கு வருவோம். ஒவ்வொண்ணா.

"அவனுங்களாலதான் லேட்டு"

2015ல ஏறத்தாழ 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் அடைக்கலம் தேடி வந்தாங்க. 2022ல யுக்ரைன் போர் ஆரம்பிச்ச பிறகு பத்து லட்சத்துக்கு மேல வந்தாங்க. கூட்டம் ஏறிச்சு, ஒத்துக்கறேன். ஆனா கூட்டம் ஏறினா ஆள் போடணும்ங்கறது யாரோட வேலை? நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அலுவலகங்கள். ஒவ்வொண்ணும் அந்தந்த ஊர் நிர்வாகத்துக்குக் கீழே. ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபாரம், தனி வழக்கம். ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு வீடு மாத்தினா, உங்க கோப்பு உங்க பின்னாடியே ஆடி அசைஞ்சு வரணும். இதுக்கு நடுவுல சட்டத்தை 2020ல மாத்தினாங்க, 2023லயும் 2024லயும் கட்டம் கட்டமா மறுபடி மாத்தினாங்க. மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற அம்மா எந்த விதியைப் படிக்கும், எந்தக் கோப்பைத் தேடும்?

இன்னொரு விஷயம். 2024 அக்டோபர்ல ஜெர்மன் அரசு என்ன சொல்லிச்சு? இந்தியத் திறன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற விசாவை வருஷத்துக்கு 20,000ல இருந்து 90,000 ஆக்கறோம்னு சொல்லிச்சு. நாம எல்லாரும் கை தட்டினோம். அந்த 90,000 பேரும் எங்கே போய் நிப்பாங்க? வந்து இறங்கினதும் அட்டை வாங்க ஒரு தடவை. பாஸ்போர்ட் புதுசாக்கினா புது அட்டைக்கு ஒரு தடவை. மனைவிக்கு ஒரு தடவை, குழந்தை பிறந்தா அதுக்கு ஒரு தடவை, கடைசியில பிஆருக்கு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெரு நடுவுல நின்னுக்கிட்டு "ஏன்தான் இவ்வளவு பேர் வர்றாங்களோ"ன்னு அலுத்துக்கிற மாதிரி இருக்கு நம்ம புலம்பல்.

"நாம லீகலா வந்தோம்"

சரி. அவங்க? அடைக்கலம் கேக்கறது இந்த நாட்டு அரசியல் சாசனத்துல 16ஏ பிரிவுல எழுதி வெச்ச உரிமை. 1951ஆம் வருஷத்து ஜெனீவா அகதிகள் ஒப்பந்தத்துல ஜெர்மனி கையெழுத்துப் போட்டிருக்கு. அடைக்கலம் கேட்டு வர்றதுக்குன்னு எந்தத் தூதரகத்துலயும் ஒரு விசா கிடையாது. குண்டு விழற ஊர்ல இருந்து "விசா எடுத்துட்டு ஒழுங்கா வரலாமே"ன்னு கேக்கறவங்க, அந்த விசாவுக்கு எந்த ஃபாரம் நிரப்பணும்னும் கொஞ்சம் சொன்னா நல்லா இருக்கும்.

அதைவிட ஒண்ணு. அவங்களுக்குச் சலுகை, நமக்குக் கெடுபிடின்னு ஒரு நினைப்பு இருக்கே, அதைச் சட்டத்துல வெச்சுப் பாருங்க. அகதியா அங்கீகரிக்கப்பட்ட ஒருத்தர் பிஆர் வாங்கறதுக்குப் பொதுவா அஞ்சு வருஷம் ஆகணும். தன் செலவைப் பெரும்பாலும் தானே பாத்துக்கணும், ஏ2 ஜெர்மன் வேணும். மூணே வருஷத்துல வேணும்னா சி1 அளவு ஜெர்மன் வேணும். சி1னா என்னன்னு தெரியுமில்ல? பல்கலைக்கழகத்துல ஜெர்மன்ல பாடம் படிக்கிற அளவு. நமக்கோ ஏ1. "என் பேர் முருகன், நான் சென்னையில இருந்து வர்றேன், ஒரு காபி கொடுங்க." அவ்வளவுதான். அதை வெச்சுக்கிட்டு 27 மாசத்துல வாங்கிடலாம். சலுகை யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

குடும்பத்தை எடுத்துக்குங்க. ப்ளூ கார்டு வெச்சிருக்கிறவர் தன் மனைவியைக் கூட்டிட்டு வர, அவங்களுக்கு ஒரு வார்த்தை ஜெர்மன் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. நம்ம பிஆரை வெச்சு மனைவி மூணு வருஷத்துல பிஆர் கேக்கலாம்னு 2024 மார்ச்ல புதுசா ஒரு வழியே திறந்துவிட்டாங்க (வாரம் 20 மணி நேரமாவது வேலை பாக்கணும்). அதே சமயம், துணைப் பாதுகாப்புங்கற வகையில இங்கே இருக்கிற சிரியாக்காரர் தன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வர்றதை 2025 ஜூலையில ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தி வெச்சுட்டாங்க. ரொம்ப அபூர்வமான கேஸுக்குத்தான் விதிவிலக்கு. வரிசையில உங்களுக்கு முன்னாடி நிக்கற அந்த ஆள், அநேகமா இதைக் கேக்கத்தான் நிக்கறார். அவரைப் பாத்துத்தான் நீங்க வாட்ச்சைத் தட்டறீங்க.

"நாம வரி கட்டறோம்"

கட்டறோம், நல்லாவே கட்டறோம். சம்பள ரசீதைப் பாத்தா எனக்கும் கண்ணு கலங்கும். ஆனா அடைக்கலம் கேட்டவருக்கு வந்த ஆரம்ப மாசங்கள்ல வேலை செய்யவே சட்டம் அனுமதிக்கிறதில்லை. கையைக் கட்டிப்போட்டுட்டு ஏன்டா நீச்சல் அடிக்கலைன்னு கேக்கறதுல என்ன நியாயம்? 2015ல வந்தவங்கள்ல பாதிக்கு மேல இன்னைக்கு வேலையில இருக்காங்க. அவங்களும் அதே வரிதான் கட்டறாங்க. பஸ் ஓட்டறாங்க, முதியோர் இல்லத்துல வேலை பாக்கறாங்க, நீங்க அமேசான்ல வாங்கின இட்லி குக்கரை மூணாவது மாடிக்குத் தூக்கிட்டு வந்து கொடுக்கறாங்க.

"நாம ஸ்கில்டு"

இதான் மெயின் மேட்டர். இந்த 'ஸ்கில்டு'ங்கற பட்டம் நம்ம கூடவே பிறந்த கவச குண்டலம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். இல்லை. இது இந்த ஊர்க்காரங்க தேவைப்படும்போது மாட்டிவிட்டு, தேவை முடிஞ்சதும் கழட்டிக்கிற அட்டை. கதை விடலை, வரலாறு இருக்கு.

1955ல இத்தாலியோட, 1961ல துருக்கியோட, இன்னும் பல நாடுகளோட மேற்கு ஜெர்மனி ஆள் எடுக்கற ஒப்பந்தம் போட்டுச்சு. வந்தவங்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளி'ன்னு பேரு. இஸ்தான்புல்ல ஜெர்மன் அலுவலகம் திறந்து, டாக்டர் வெச்சுப் பல்லு வரைக்கும் பாத்துத்தான் அனுப்பினாங்க. 1964 செப்டம்பர் 10. பத்து லட்சமாவது விருந்தாளியா அர்மாந்தோ ரோத்ரிகேஸ்னு ஒரு போர்ச்சுகீசியத் தச்சர் கொலோன்ல ரயிலை விட்டு இறங்கறார். பேண்டு வாத்தியம், பூங்கொத்து, பரிசா ஒரு மொபெட். அந்தப் போட்டோ ஜெர்மன் பாடப் புத்தகத்துலயெல்லாம் இருக்கு. மொபெட் பான் நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.

மொபெட் பத்திரமா இருக்கு. மனுஷன்? அவருக்குப் பிற்பாடு வயித்துல புத்துநோய் வந்துச்சு. ஊருக்குத் திரும்பினார். சேத்து வெச்ச காசையெல்லாம் வைத்தியத்துக்குச் செலவழிச்சார். வருஷக்கணக்கா சம்பளத்துல பிடிச்ச காப்பீட்டுல இருந்து தனக்குப் பணம் வர உரிமை இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலை. 1979ல செத்துப்போனார். பத்து லட்சமாவது ஆளுக்கே இதான் கதின்னா, ரெண்டாவது ஆளு, பத்தாயிரத்தாவது ஆளு கதையெல்லாம் யார் எழுதி வெச்சா?

1973 நவம்பர்ல எண்ணெய் நெருக்கடி சமயத்துல ஆள் எடுக்கறதையே நிறுத்தினாங்க.

சரி, அது ஆலைத் தொழிலாளி கதைன்னு சொல்வீங்க. நர்ஸ் கதைக்கு வருவோம். 1960கள்ல கேரளத்துல இருந்து கத்தோலிக்கத் திருச்சபை மூலமா நூத்துக்கணக்குல இளம்பெண்கள் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தாங்க. ஆஸ்பத்திரியெல்லாம் அவங்களால ஓடிச்சு. 1970களின் பிற்பகுதியில "உள்ளூர் ஆளுங்க இருக்காங்க, நீங்க வேண்டாம்"னு பல பேருக்கு அனுமதியைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க. அதே திறமை, அதே கை, அதே ஊசி. 2021 டிசம்பர்ல அதே ஜெர்மனி அதே கேரளத்தோட நர்ஸ் எடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கு. திறமை மாறலை மக்களே, தேவைதான் மாறிச்சு.

சாஃப்ட்வேர்காரங்களுக்குன்னு தனிக் கதை வேணுமா? இருக்கே. 2000 பிப்ரவரியில அப்போதைய சான்சலர் ஷ்ரோடர் கணினிக் கண்காட்சியில 'கிரீன் கார்டு' அறிவிச்சார். 20,000 ஐடி நிபுணர்கள், அதிகபட்சம் அஞ்சு வருஷம். அதுக்கு எதிரா, நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தல்ல ரூட்கர்ஸ்ங்கற அரசியல்வாதி பிரசாரம் பண்ணினார். இந்தியர்களுக்குப் பதிலா நம்ம பிள்ளைங்களைக் கணினி முன்னாடி உக்கார வைப்போம்ங்கறதுதான் சாராம்சம். அவர் எதிர்த்தது அகதியை இல்லை, படகுல வந்தவங்களை இல்லை. பட்டம் வாங்கி, விசா எடுத்து, பிளேன்ல வந்து இறங்கப்போற உங்களை, என்னை. அந்தத் தேர்தல்ல அவர் தோத்தார். 2005ல அதே மாநிலத்துக்கு முதலமைச்சர் ஆனார்.

தனி கவுன்ட்டர்ங்கறது என்ன?

உண்மையைச் சொன்னா, தனி கவுன்ட்டர் ஏற்கனவே இருக்கு. 2020 மார்ச்ல இருந்து, கம்பெனி 411 யூரோ கட்டினா திறன் தொழிலாளருக்குத் துரித நடைமுறைன்னு சட்டமே இருக்கு. பெரிய ஊர்கள்ல திறன் தொழிலாளர்களுக்குத் தனிப் பிரிவும் வெச்சிருக்காங்க. அப்புறமும் எதுக்கு இந்தக் கூப்பாடு? நேரம் மிச்சமாகணும்ங்கறதுக்காக இல்லை. பக்கத்துல நிக்கறது பிடிக்கலை. அந்த ஹால்ல ஹிஜாப் போட்ட அம்மாவோட, அழுக்கு ஜாக்கெட் போட்ட ஆப்கன் பையனோட ஒரே பெஞ்சுல உக்கார்றது பிடிக்கலை. யாராவது பாத்து நம்மளையும் 'அப்படி' நினைச்சுட்டா?

நமக்கு இந்த வியாதி புதுசா? தனித் தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு பாத்த ஊர்க்காரங்கதானே நாம. டீக்கடையில ரெண்டு டம்ளர் வெச்ச பரம்பரை. ஊருல அதைப் பத்திக் கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கினவரே இங்கே வந்து தனி டம்ளர் கேக்கறார். என்ன, இங்கே அதுக்குப் பேரு 'ஃபாஸ்ட் ட்ராக்'.

வரிசையில நமக்கு முன்னாடி நின்ன தமிழன்

1983க்குப் பிறகு ஈழத்துல இருந்து ஆயிரமாயிரம் பேர் இந்த நாட்டுக்கு வந்தாங்க. நிறையப் பேர் கிழக்கு பெர்லின்ல பிளேன்ல இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள்ள நுழைஞ்சாங்க. அவங்களுக்கு ப்ளூ கார்டு கொடுக்கலை. 'டுல்டுங்' கொடுத்தாங்க. அதாவது "உன்னைச் சகிச்சுக்கறோம், இப்போதைக்கு அனுப்பலை"ன்னு ஒரு தாள். சில மாசத்துக்கு ஒரு தடவை போய் முத்திரை குத்தணும். வேலை செய்யத் தடை. இருக்கிற மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாம வெளியே போகத் தடை. இங்கே இருக்க முடியாமதான் 1986ல 155 தமிழர்கள் மேற்கு ஜெர்மனியில இருந்து கப்பல் ஏறி, கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து பக்கம் நடுக்கடல்ல உயிர்காக்கும் படகுல இறக்கிவிடப்பட்டு, மீனவர்கள் கையால காப்பாத்தப்பட்டாங்க.

இங்கேயே தங்கினவங்க என்ன பண்ணினாங்க? உணவக சமையல்கட்டுல தட்டு கழுவினாங்க. பிள்ளைகளைப் படிக்க வெச்சாங்க. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. ஹாம் நகரத்துல 2002ல காமாட்சி அம்மனுக்கு ராஜகோபுரத்தோட கோயில் கட்டினாங்க. இன்னைக்கு தேர்த்திருவிழாவுக்கு நாமளும் பட்டுப்புடவை, வேட்டி சகிதம் போய் செல்ஃபி எடுக்கறோம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி வாங்கறோமே, அந்தத் தமிழ்க்கடை யாருது? அகதியோடது. அகதி விதைச்ச கறிவேப்பிலை மணக்குது, அகதி மட்டும் நாறுதா?

என் பிஆர் கைரேகைக்குப் போன அன்னைக்கு நடந்தது ஒண்ணைச் சொல்லணும். ஹால்ல எனக்குப் பின்னாடி நம்மூர் தம்பதி. தமிழ் யாருக்கும் புரியாதுங்கற தைரியத்துல, உக்காந்திருந்தவங்களை ஒவ்வொருத்தரா வர்ணிச்சுக்கிட்டு இருந்தார் அந்த ஆள். எழுதற மாதிரி இல்லை. ஓரமா ஒரு பெரியவர் தரையைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். வாளியைத் தள்ளிக்கிட்டு என் பக்கம் வந்தவர், மெதுவா, "தம்பி இந்தியாவோ?"ன்னார். ஆமான்னேன்.

"நான் எண்பத்தாறாம் ஆண்டிலையிருந்து இந்தக் கந்தோருக்கு வாறன் தம்பி. முந்தி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா முத்திரை குத்த வந்தனான். இப்ப துடைக்க வாறன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். பின்னாடி இருந்த பேச்சு பட்டுனு நின்னு போச்சு. அந்த ஆள் அதுக்கப்புறம் செல்போன்லேர்ந்து தலையைத் தூக்கலை. பெரியவர் அவங்க காலடியில "கொஞ்சம் காலைத் தூக்குங்கோ"ன்னு சொல்லிட்டுத் துடைச்சுட்டுப் போனார்.

"ஏஎஃப்டி நம்மளைச் சொல்லலை"

இன்னும் ஒரு கோஷ்டி இருக்கு. 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தல்ல ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு. "அவங்க அகதிகளைத்தான் எதிர்க்கறாங்க, நம்ம மாதிரி ஆளுங்களை இல்லை"ன்னு சொல்ற நம்மாளுங்களை நானே பாத்திருக்கேன். 2024 ஜனவரியில கரெக்டிவ்னு ஒரு புலனாய்வு ஊடகம் ஒரு செய்தி வெளியிட்டுச்சு. 2023 நவம்பர்ல போட்ஸ்டாம் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல கூட்டம், அந்தக் கட்சிக்காரங்களும் கலந்துக்கிட்டாங்க, ஆளுங்களைத் திருப்பி அனுப்பற திட்டம் பேசினாங்கன்னு. அந்தச் செய்திப்படி பட்டியல்ல அடைக்கலம் கேட்டவங்க மட்டும் இல்லை. அனுமதி வெச்சிருக்கிற வெளிநாட்டுக்காரங்க, இந்த மண்ணோட 'ஒட்டாத' குடிமக்கள் எல்லாரும் இருந்தாங்க. பிஆர் அட்டை வெச்சிருக்கிற நாம ரெண்டாவது வகை. லட்சக்கணக்கான ஜெர்மன்காரங்க அந்தக் குளிர்ல தெருவுக்கு வந்து எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. நம்ம குரூப்புல அன்னைக்கு என்ன ஓடிச்சு? டெர்மின் எப்போ கிடைக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு ட்ராம்ல ஏறி ஒருத்தன் உங்களை முறைக்கிறான்னு வெச்சுக்குங்க. "ஐயா, நான் ப்ளூ கார்டு, பி1 பாஸ், 30 சதவீதத்துக்கு மேல பிடித்தம் போகுது"ன்னு கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு போவீங்களா? அவன் பாக்கறது தோலை. அதுல ஸ்கில்டு, அன்ஸ்கில்டுன்னு கோடு போட்டிருக்காது.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?

கோபப்படுங்க. ஆனா மேலே பாத்துக் கோபப்படுங்க, பக்கத்துல பாத்து இல்லை.

ஒண்ணு, விண்ணப்பம் போட்டு மூணு மாசம் ஆகியும் தகுந்த காரணமில்லாம முடிவு வரலைன்னா, நிர்வாக நீதிமன்றத்துல 'செயல்படாமைக்கு எதிரான வழக்கு' போட சட்டம் இடம் கொடுக்குது. நம்ம மக்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? வக்கீல் கடிதம் போன பல கேஸ்ல கோப்பு தானா நகர ஆரம்பிக்குது.

ரெண்டு, பழைய அனுமதி முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டிருந்தா, பழைய உரிமை தொடருதுன்னு இடைக்காலச் சான்று கேட்டு வாங்குங்க. இது கிடைக்காம வேலை போனவங்க, ஊர்ல அப்பா சாவுக்குப் போக முடியாம தவிச்சவங்க நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க, அகதிங்கள்லயும் இருக்காங்க. எல்லாருக்கும் உடனே கொடுன்னு சேர்ந்து கேட்டா கணக்குல எண்ணிக்கை கூடும். தனித்தனியா கேட்டா ரெண்டு பேரையும் ஓரங்கட்டறது சுலபம்.

மூணு, ஆள் போடு, கோப்பைக் கணினியில ஏத்து, கைரேகை தவிர மத்த எல்லாத்தையும் ஆன்லைன்ல முடி. இதை நகர மன்ற உறுப்பினருக்கு எழுதுங்க. உங்க கம்பெனி எச்ஆரை எழுத வைங்க. அவங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு, உங்க மேல அவங்களுக்குத் தேவையும் இருக்கு. அந்தத் தேவை இருக்கிற காலத்துலயே, அந்தத் தேவை இல்லாதவனுக்கும் சேத்துப் பேசுங்க.

நாலு, அன்னைக்கு ஹால்ல யாராவது ஃபாரத்தைத் தலைகீழா வெச்சுக்கிட்டு முழிச்சா, பக்கத்துல போய் உக்காந்து நிரப்பிக் கொடுங்க. உங்க பி1 ஜெர்மனுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பிஆர் கிடைச்சவங்களுக்கு வாழ்த்து. காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும். ஆனா அது நம்ம திறமைக்கு ஜெர்மனி கொடுத்த பரிசுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த மொபெட்டும் பரிசாத்தான் கொடுத்தாங்க.

டிஸ்கி 1: விதிமுறைகளை நான் சுருக்கிச் சொல்லியிருக்கேன். விண்ணப்பம் போடப்போறவங்க சட்டத்தை ஒருதடவை முழுசா படிச்சுக்குங்க. இந்தப் பதிவை நம்பி வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டிஸ்கி 2: "நீ உன் வீட்டுல ரெண்டு அகதியை வெச்சுக்கோயேன்"ங்கற பின்னூட்டம் வரும்னு தெரியும். அந்த ஒரு வரியை நானே போட்டுட்டேன், நீங்க வேற ஏதாவது புதுசா யோசிங்க :-)